ஸ்லைடு ரூல்: கூட்டத் தெரியாத கணக்குப் பட்டை

மேசையில் இரண்டு ஸ்கேல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் கிடக்கும் பிளாஸ்டிக் ஸ்கேலே போதும். ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே, விளிம்போடு விளிம்பு ஒட்டினாற்போல வையுங்கள். மேல் ஸ்கேலை வலப்பக்கம் தள்ளி, அதன் பூஜ்ஜியம் கீழ் ஸ்கேலின் 3க்கு நேராக வரும்படி நிறுத்துங்கள். இப்போது மேல் ஸ்கேலில் 4 எங்கே இருக்கிறதென்று தேடி, அதற்கு நேர் கீழே பாருங்கள். 7 இருக்கும்.

மூணும் நாலும் ஏழு என்று கண்டுபிடிக்க இவ்வளவு ஏற்பாடா என்று சிரிப்பு வரும். ஆனால் நடந்ததைக் கொஞ்சம் கவனியுங்கள். நீங்கள் எதையும் கூட்டவில்லை. ஒரு நீளத்தின் முனையில் இன்னொரு நீளத்தை வைத்தீர்கள், அவ்வளவுதான். விடை தானாக வந்து நின்றது. கண் அதைப் படித்தது.

ஸ்லைடு ரூலின் மொத்த ரகசியமும் இதுதான். ஒரே வித்தியாசம், அது கூட்டாது, பெருக்கும். 17ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1970கள் வரை, ஏறக்குறைய 350 ஆண்டுகள், பொறியாளர்கள் பாலத்தையும் நீராவி எஞ்சினையும் விமானத்தையும் கணக்குப் போட்டது இந்தத் தள்ளுபட்டையை வைத்துத்தான். இன்றைக்கு அதைக் கையில் கொடுத்தால் பாதிப் பேர் "இது என்ன, இத்தனை கோடு போட்ட ஸ்கேல்?" என்று கேட்பார்கள்.

நானும் அப்படிக் கேட்டவன்தான். என் பெரியப்பா நெடுஞ்சாலை வேலையில் ஓவர்சியராக இருந்தவர். அவருடையது தோல் உறையில் செருகிய, ஓரம் மஞ்சளித்துப்போன ஒரு பட்டை. அதில் 4.35 என்ற கோட்டுக்கு ஒரு மயிரிழை வலப்பக்கம், ஊசியால் கீறின ஒரு சின்னக் கோடு உண்டு. கம்பெனி போட்டதல்ல, அவரே கீறியது. அது எதற்கு என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நாமே ஒரு ஸ்லைடு ரூல் செய்துவிடலாம்.

காகிதத்தில் ஒன்று செய்வோம்

சாதாரண ஸ்கேலில் கோடுகள் சம இடைவெளியில் இருக்கின்றன. ஒவ்வொரு சென்டிமீட்டர் நகரும்போதும் "ஒன்று கூட்டு" என்று அது சொல்கிறது. அதனால்தான் இரண்டு ஸ்கேலைச் சேர்த்து வைத்தால் கூட்டல் வருகிறது. நமக்குப் பெருக்கல் வர வேண்டுமென்றால், ஒவ்வொரு நகர்வும் "இரண்டால் பெருக்கு" என்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு ஸ்கேலை நினைத்துப் பாருங்கள். சம தூரத்தில் 1, 2, 4, 8, 16, 32 என்று போகும். ஒரு தாவு தாவினால் எண் இரட்டிப்பாகும். இரண்டு தாவல், நாலு மடங்கு. மூன்று தாவல், எட்டு மடங்கு.

முதல் கோட்டில் 0 இல்லை, 1 இருக்கிறது. கூட்டலில் எதையும் மாற்றாத எண் 0. பெருக்கலில் எதையும் மாற்றாத எண் 1. ஆகவே ஆரம்பம் அங்கேதான்.

சரி, 1, 2, 4, 8 வந்துவிட்டன. 3 எங்கே போகும்? 5? 7? இதற்கு மடக்கை (லாக்) அட்டவணை வேண்டியதில்லை. கொஞ்சம் சாமர்த்தியம் போதும்.

20 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். இடது முனையில் 1, வலது முனையில் 10. இனி மற்ற எண்களுக்கு இடம் பிடிக்க வேண்டும். 2ஐப் பத்து தடவை பெருக்கினால் 1024. 10ஐ மூன்று தடவை பெருக்கினால் 1000. இரண்டும் ஏறக்குறைய ஒன்று. அப்படியானால் 2இன் பத்துத் தாவல்களும் 10இன் மூன்று தாவல்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். 10இன் ஒரு தாவல் 20 செ.மீ. என்றால் மூன்று தாவல் 60 செ.மீ. அதைப் பத்தால் வகுத்தால் 6 செ.மீ. 2 உட்கார வேண்டிய இடம் அதுதான்.

2 கிடைத்துவிட்டால் 4க்கு 12 செ.மீ., 8க்கு 18 செ.மீ. ஐந்தை இரண்டால் பெருக்கினால் பத்து. ஆக 5இன் இடம் 20இல் 6 போக 14 செ.மீ. அடுத்தது 3. அதை நாலு தடவை பெருக்கினால் 81. பக்கத்திலேயே 80 இருக்கிறது, அது 8ஐப் பத்தால் பெருக்கியது. 80இன் தூரம் 18ம் 20ம் சேர்ந்து 38 செ.மீ. அதில் நாலில் ஒரு பங்கு 9.5. 3 அங்கே. 2இன் தூரத்தையும் 3இன் தூரத்தையும் சேர்த்தால் 6க்கு 15.5, 3இன் தூரத்தை இரட்டித்தால் 9க்கு 19. மிச்சம் 7 மட்டும். ஏழேழு நாற்பத்தொன்பது, ஐம்பதுக்கு ஒன்று குறைவு. 50இன் தூரம் 14ம் 20ம் சேர்ந்து 34. அதில் பாதி 17. முடிந்தது.

இந்த இடங்களைத் துல்லியமான மடக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எதுவும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிசகியிருக்காது. எனக்கு இதில் ஒவ்வொரு முறையும் ஒரு சந்தோஷம். பள்ளியில் "லாக் 2 என்பது 0.3010" என்று மனப்பாடம் செய்தோமே, அது எங்கிருந்தோ வானத்திலிருந்து விழுந்த எண்ணல்ல. 20இல் 6 என்பது 0.3. நாம் இப்போது 1024ஐயும் 1000ஐயும் பக்கத்தில் வைத்துப் பிடித்த அதே எண்.

மடக்கை, அதாவது லாகரிதம், என்றாலே இதுதான்: ஒரு எண், 1இலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும் என்பதற்கான விலாசம். எண்களைப் பெருக்கும்போது விலாசங்கள் கூடும். வகுத்தால் கழியும்.

இதே அளவில் இன்னொரு பட்டையும் செய்துகொள்ளுங்கள். இப்போது மேல் பட்டையின் 1ஐக் கீழ்ப் பட்டையின் 2க்கு நேராக வையுங்கள். மேலே 3இன் நேர் கீழே பார்த்தால் 6. மேலே 4இன் கீழே 8. ஆறை மூன்றால் வகுக்க வேண்டுமா? கீழே உள்ள 6க்கு நேராக மேலே 3ஐ நிறுத்துங்கள். மேல் பட்டையின் 1 எங்கே இருக்கிறதோ அதற்குக் கீழே விடை, 2. வகுத்தலுக்கென்று தனியாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை, பெருக்கலைப் பின்பக்கமிருந்து படித்தால் சரி.

இரண்டேழு பதினாலு என்று பார்க்கப் போனால் மேல் பட்டையின் 7 கீழ்ப் பட்டையைத் தாண்டி வெளியே தொங்கும். பயப்பட வேண்டாம். மேல் பட்டையின் 1க்குப் பதில் அதன் வலது முனையான 10ஐக் கீழே உள்ள 2க்கு நேராக வையுங்கள். இப்போது 7இன் கீழே 1.4 வரும். 14தான் அது. புள்ளியை நீங்கள் நகர்த்திக்கொள்ள வேண்டும்.

புள்ளி யார் பொறுப்பு?

புதிதாகப் பழகுகிறவர்கள் தடுக்கி விழுவது இந்தத் தசமப் புள்ளியில்தான். 2.3ஐ 4.7ஆல் பெருக்கினாலும், 23ஐ 47ஆல் பெருக்கினாலும், 230ஐ 0.47ஆல் பெருக்கினாலும், ஸ்லைடு ரூலில் பட்டை நிற்கும் இடம் ஒன்றுதான். விடையாக 1.08 என்ற இடத்தைக் காட்டும். அது 10.8ஆ, 1080ஆ, 108ஆ என்பது அதற்குத் தெரியாது. மனசுக்குள் "இருபதை ஐம்பதால் பெருக்கினால் ஆயிரம், ஆக 1080" என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். உண்மையான விடை 1081. கடைசி 1க்கு ஸ்லைடு ரூலில் கோடு இருக்காது. சாதாரணமாகப் புழங்கிய பத்து அங்குல ரூலில் மூன்று இலக்கம் நம்பிப் படிக்கலாம். கோடுகள் தாராளமாக விரிந்திருக்கும் இடது ஓரத்தில் நாலாவது இலக்கத்தையும் கண்ணால் மதிப்பிடலாம்.

எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரில் ஒரு பகுதி மழையில் சரிந்தபோது, எத்தனை செங்கல் வாங்குவது என்று கணக்குப் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. நீளம் 3.2 மீட்டர், உயரம் 2.9 மீட்டர், ஒன்பது இஞ்சு சுவர், அதாவது 0.23 மீட்டர் கனம். கன மீட்டருக்கு 500 செங்கல். கால்குலேட்டரில் தட்டி, "பெரியப்பா, 10,672 செங்கல் வேணும்" என்றேன்.

அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "ஏண்டா, சுவர் கட்டப் போறியா, கோபுரம் கட்டப் போறியா?"

0.23க்குப் பதில் 2.3 என்று தட்டியிருக்கிறேன். அவர் எதையும் தட்டவில்லை. "மூணுக்கு மூணு ஒன்பது. கால் மீட்டர் கனம்னா ரெண்டேகால் கன மீட்டர். ஆயிரத்து நூறு பக்கமா வரும்" என்றார். சரியான விடை 1,067. அப்போது ஸ்லைடு ரூல் பரணில் இருந்தது; அவர் அதைத் தொட்டு இருபது வருஷமாவது ஆகியிருக்கும். ஆனால் புள்ளியைத் தானே வைத்துப் பழகிய மனசு, விடை எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்கிறது.

இதை வைத்துக்கொண்டு "கால்குலேட்டர் வந்தது, மூளை போச்சு" என்று பேசப் போவதில்லை. ஸ்லைடு ரூலில் தப்பாகப் படிப்பதும் சுலபம். 2க்கும் 4க்கும் நடுவே சின்னக் கோடு ஒவ்வொன்றும் 0.02, 4க்கு மேலே போனால் 0.05. மாறிய இடத்தைக் கவனிக்காமல் படித்தால் கணக்கு அம்பேல்.

அப்புறம், கருவியைக் குறை சொல்லும் இந்தப் பேச்சு ஸ்லைடு ரூல் பிறந்த அன்றே ஆரம்பித்துவிட்டது. அதுவும் அதைக் கண்டுபிடித்தவர் வாயிலிருந்தே.

ஒரு நிலக்கிழார், ஒரு பேராசிரியர், ஒரு பாதிரியார்

மடக்கையை 1614இல் உலகுக்குக் கொடுத்தவர் ஜான் நேப்பியர். ஸ்காட்லாந்தில் எடின்பரோ பக்கத்து மெர்கிஸ்டனைச் சேர்ந்த நிலக்கிழார். கணக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் பிழைப்பல்ல. அந்தக் காலத்து வானியலும் கடல் பயணமும் ஏழெட்டு இலக்க எண்களை ஒன்றோடொன்று பெருக்கச் சொல்லி மனிதர்களை வதைத்தன. ஒரு பெருக்கலுக்கு ஒரு பக்கம் காகிதம். பெருக்கலைக் கூட்டலாக மாற்றிவிட்டால் இந்த உயிர்வாதை தீரும் என்று நினைத்தவர், அந்த அட்டவணைகளுக்காக ஏறக்குறைய இருபது வருஷம் செலவிட்டார்.

லண்டன் கிரெஷாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஹென்றி பிரிக்ஸ், புத்தகத்தைப் படித்துவிட்டு, 1615இல் எடின்பரோவுக்கே கிளம்பிப் போனார். நேரில் சந்தித்தபோது இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் கால் மணி நேரம் ஒருவரையொருவர் வியந்து பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிற்காலத்துக் கதை ஒன்று உண்டு. பேச ஆரம்பித்த பிறகு முடிவானது முக்கியம்: மடக்கையை 10ஐ அடிப்படையாக வைத்து அமைப்பது. நாம் காகிதப் பட்டையின் வலது முனையில் 10ஐ வைத்ததும் அதே வழிதான். நேப்பியர் 1617இல் இறந்துபோனார். பிரிக்ஸ் விடாமல் உட்கார்ந்து, 1624இல் 30,000 எண்களுக்கு 14 தசம இடம்வரை மடக்கை போட்டு வெளியிட்டார். கையால்.

பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்களுக்கு இந்த அட்டவணையின் பேரப்பிள்ளையைத் தெரியும். நம் ஊரில் லாக் புக், கல்லூரிக்குப் போனால் கிளார்க்ஸ் டேபிள். பிராக்டிகல் நோட்டில் கேரக்டரிஸ்டிக், மான்டிசா, மீன் டிஃபரன்ஸ், கடைசியில் ஆன்டிலாக் என்று நாலு படி ஏறி இறங்கினோமே, அதில் நாம் செய்தது விலாசம் தேடி, விலாசங்களைக் கூட்டி, கூட்டி வந்த விலாசத்தில் யார் குடியிருக்கிறார் என்று பார்த்ததுதான். அன்றைக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அந்தப் புத்தகத்தை அவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

புத்தகத்தைப் புரட்டுவதற்குப் பதில் விலாசங்களை நேராக ஒரு கட்டையில் செதுக்கிவிட்டால் என்ன? எட்மண்ட் குன்டர் என்பவர் 1620இல் அதைச் செய்தார். ஆனால் அவர் செய்தது ஒற்றைக் கோல். தூரத்தைக் கவராயத்தால் அளந்து எடுத்து இன்னொரு இடத்தில் வைத்துக் கூட்ட வேண்டும். இரண்டு கோலை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நகர்த்தினால் கவராயமே தேவையில்லை என்று 1622 வாக்கில் கண்டவர் வில்லியம் ஆட்ரெட், இங்கிலாந்தின் ஆல்பரி என்ற ஊரில் பாதிரியாராக இருந்தவர். பெருக்கலுக்கு நாம் போடும் குறுக்குக் குறியும் அவர் கொடுத்ததுதான்.

ஆட்ரெட் இதை அச்சில் போடாமல் வைத்திருந்தார். 1630இல் அவரிடம் பாடம் கேட்ட ரிச்சர்ட் டெலமெய்ன் வட்ட வடிவ ஸ்லைடு ரூலைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். யார் முதலில் என்று இருவருக்கும் பெரிய சண்டை. அந்தச் சண்டையை ஒட்டி ஆட்ரெட் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்குப் பிடித்தது. கணிதத்தைக் கற்பிக்காமல் முதலில் கருவியைக் கையில் கொடுக்கும் வாத்தியார்கள், மாணவர்களை வெறும் வித்தைக்காரர்களாக ஆக்குகிறார்கள் என்றார் அவர். பிள்ளையிடம் கால்குலேட்டரைக் கொடுக்காதே என்று இன்று சொல்கிறவர்கள் இதே வசனத்தைத்தான் பேசுகிறார்கள். கண்டுபிடித்தவருக்கே தன் கருவிமேல் அவ்வளவு சந்தேகம்!

கண்ணாடியில் ஒரு கோடு

அடுத்த 200 வருஷத்தில் சின்னச் சின்ன மாற்றங்கள் நிறைய. அவற்றைத் தாண்டிப் போகலாம். நாம் இன்று படத்தில் பார்க்கும் வடிவத்தைக் கொடுத்தவர் அமடே மான்ஹைம், பிரெஞ்சு ராணுவத்தின் பீரங்கிப் படை அதிகாரி; 1850களில் அது பரவியது. ஸ்கேல்களை ஏ, பி, சி, டி என்று வரிசைப்படுத்தியதும், மேலே ஓடும் ஒரு சிறு சட்டத்தை நிலையான பாகமாக்கியதும் அவர் வேலை. பின்னாளில் அந்தச் சட்டத்தில் கண்ணாடியும் அதன் நடுவே மெல்லிய கோடும் வந்தன. அதற்குப் பெயர் கர்சர். லத்தீனில் ஓடுபவன் என்று பொருள். கம்ப்யூட்டர் திரையில் மினுக்கிக்கொண்டு நிற்கிறதே, அந்தக் கர்சருக்குப் பெயர் இங்கிருந்து போனதுதான்.

கர்சர் இருப்பதால் ஒரே பட்டையில் பல ஸ்கேல்களை மேலும் கீழுமாக அடுக்கலாம். கோட்டை ஒன்றின்மேல் வைத்து மற்றொன்றில் படிக்கலாம். சி, டி இரண்டும் நாம் செய்த பட்டைகள்தான். ஏ ஸ்கேலில் அதே நீளத்துக்குள் 1 முதல் 100 வரை அடக்கியிருப்பார்கள், அதாவது பட்டை பாதியாகச் சுருங்கி இரண்டு தடவை வரும். அதனால் டி ஸ்கேலில் 3இன் மேல் கர்சரை வைத்தால் ஏ ஸ்கேலில் 9 தெரியும். வர்க்கம். எதிர்த்திசையில் படித்தால் வர்க்கமூலம். மூன்று தடவை சுருக்கி வைத்தால் கே ஸ்கேல், அது கனத்துக்கு. வலமிருந்து இடமாக ஓடும் சிஐ தலைகீழ் எண்ணுக்கு. சைன், டேன்ஜென்ட்டுக்கு எஸ் (S), டி (T) என்று தனி ஸ்கேல்கள் இருக்கும். ஒரு எண்ணின் அடுக்கை இன்னொரு எண்ணாக வைத்துக் கணக்கிடும் லாக்-லாக் ஸ்கேலை 1815இல் கொடுத்தவர் பீட்டர் மார்க் ரோஜே. ஒருபொருள் சொற்களைத் தொகுத்த புகழ்பெற்ற ஆங்கில அகராதியும் அதே ஆளுடையதுதான். சிலருக்கு எதையாவது வரிசைப்படுத்தாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

எதில் செய்வது என்பது பெரிய பிரச்சினை. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். நடுப்பட்டை இறுகினால் தள்ள முடியாது, தளர்ந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஜெர்மனியில் ஃபேபர்-கேஸ்டல், நெஸ்லர், ஆரிஸ்டோ. அமெரிக்காவில் காய்ஃபல் அண்ட் எஸர். எல்லோரும் நல்ல மரத்தைத் தேடினார்கள், பிறகு பிளாஸ்டிக்குக்கு வந்தார்கள். ஜப்பானின் ஹெம்மி நிறுவனம் மூங்கிலைப் பட்டைகளாக ஒட்டி, மேலே செல்லுலாயிட் தகடு பதித்தது. மூங்கில் ஈரத்துக்கு எளிதில் கோணாது. தனக்கே ஒரு வழவழப்பும் உண்டு. பிக்கெட் என்ற அமெரிக்க நிறுவனம் அலுமினியத்தில் செய்து, கண்ணுக்கு இதமாக மஞ்சள் அடித்தது.

அந்த மஞ்சள் பிக்கெட்டில் ஐந்து அங்குலச் சின்ன ரூல் ஒன்று அப்பல்லோ பயணங்களில் விண்வெளி வீரர்களோடு போனது. இதை வைத்து "கம்ப்யூட்டரே இல்லாமல் ஸ்லைடு ரூலால் நிலவுக்குப் போனார்கள்" என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றுகிறது. அதை அப்படியே நம்ப வேண்டாம். அப்பல்லோ கலத்துக்குள்ளேயே கம்ப்யூட்டர் இருந்தது. ஹூஸ்டனில் அறை நிறைய ஐபிஎம் எந்திரங்கள் இருந்தன. ஸ்லைடு ரூல் கைக்குக் கை சரிபார்க்கும் துணை. ராக்கெட்டை வடிவமைத்த பொறியாளர்களின் மேசையில் அது தினசரிக் கருவி என்பது மட்டும் நிஜம்.

அதனால் முடியாத ஒன்று

தலைப்பில் சொன்னேனே, ஸ்லைடு ரூலுக்குக் கூட்டத் தெரியாது. 47ஐயும் 36ஐயும் கூட்டச் சொன்னால் கையை விரித்துவிடும். நீளங்களைக் கூட்டும் வேலையை ஏற்கெனவே பெருக்கலுக்குக் கொடுத்தாயிற்று. கடைக் கணக்கு, வங்கிக் கணக்கு, கடைசிப் பைசா வரை சரியாக வர வேண்டிய எதற்கும் அது உதவாது. அந்த வேலைக்குச் சீனத்து மணிச்சட்டம், பற்சக்கரம் வைத்த கூட்டல் எந்திரங்கள் எல்லாம் வேறு குடும்பம்.

அந்தக் குடும்பத்தில் ஒன்றை மட்டும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கர்ட்டா. உள்ளங்கைக்குள் அடங்கும், மிளகு அரைக்கும் குடுவை மாதிரி இருக்கும் எந்திரக் கால்குலேட்டர். மேலே உள்ள கைப்பிடியைச் சுற்றினால் கூட்டும். கொஞ்சம் தூக்கிச் சுற்றினால் கழிக்கும். அதை வடிவமைத்த கர்ட் ஹெர்ட்ஸ்டார்க் வியன்னாக்காரர், தந்தை யூதர். நாஜிகள் அவரை புக்கன்வால்ட் முகாமில் அடைத்தபோது அங்கேயே உட்கார்ந்து இதன் வரைபடங்களை வரைந்தார். போர் முடிந்தபின் லீக்டன்ஸ்டைன் நாட்டில் 1948 முதல் அது தயாரானது. கர்ட்டா துல்லியமானது. ஸ்லைடு ரூல் உத்தேசமானது. ஆனால் பாலம் கட்டுகிறவருக்கு மூன்று இலக்கம் போதும். அவர் கையில் வரும் இரும்பும் சிமெண்டும் அதற்குமேல் துல்லியமாக வருவதில்லை.

1972இல் ஹியூலெட்-பேக்கார்ட் எச்பி-35 என்ற கால்குலேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 395 டாலர். சைன், மடக்கை எல்லாம் சட்டைப் பைக்குள். அதை அந்த நிறுவனமே மின்னணு ஸ்லைடு ரூல் என்றுதான் அறிமுகப்படுத்தியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் தன் கால்குலேட்டருக்கு எஸ்ஆர்-10 என்று பெயர் வைத்தது. எஸ்ஆர் என்றால் ஸ்லைடு ரூல்தான். கொல்ல வந்தவன் செத்தவன் பெயரையே சூட்டிக்கொண்டு வந்தான். இரண்டு மூன்று வருஷத்தில் விலை சரிந்தது. 70களின் நடுவிலேயே பெரிய நிறுவனங்கள் ஸ்லைடு ரூல் செய்வதை நிறுத்தத் தொடங்கின. 350 வருஷக் கருவி, ஒரு ஐந்தாண்டுத் திட்டத்துக்குள் முடிந்துபோனது.

முழுக்கச் சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விமானி ஆகப் படிக்கிறவர்கள் இன்றும் இ6பி என்ற வட்ட வடிவ ஸ்லைடு ரூலில் எரிபொருளும் வேகமும் கணக்கிடப் பழகுகிறார்கள். 1952இல் வந்த பிரைட்லிங் நேவிடைமர் கைக்கடிகாரத்தின் விளிம்பில் சுழல்வதும் அதேதான். அந்த விலை கொடுத்து வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அதில் ஒரு பெருக்கலாவது போட்டிருப்பார்கள் என்பது வேறு கதை.

ஊசியால் கீறிய கோடு

பழைய பொறியாளர்களிடம் ஸ்லைடு ரூலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் முகம் மாறும். கால்குலேட்டர் வேகமானது, துல்லியமானது என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள். பிறகு எதற்காக அந்த ஏக்கம்? இளமைக் காலம், தோல் உறை, இடுப்பில் அதைத் தொங்கவிட்டு நடந்த மிடுக்கு எல்லாம் சேர்ந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொன்றும் உண்டு. அதைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் காகிதப் பட்டையை மறுபடி எடுங்கள். மேல் பட்டையின் 1ஐக் கீழே 2க்கு நேராக வையுங்கள். இரண்டையும் மூன்றையும் பெருக்கத்தான் இப்படி வைத்தோம். ஆனால் மேலே உள்ள எல்லா எண்களையும் பாருங்கள். 2இன் கீழே 4, 2.5இன் கீழே 5, 4.5 வர வேண்டிய இடத்தின் கீழே 9. ஒரு கணக்குக் கேட்டோம், இரண்டாம் வாய்ப்பாடு முழுக்க விரிந்து கிடக்கிறது, முழு எண்களுக்கு நடுவில் இருப்பவையும் சேர்த்து. கால்குலேட்டர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். ஸ்லைடு ரூலில் ஓர் உறவை நிறுத்தி வைத்துவிட்டு, அதன் குறுக்கே கண்ணை ஓடவிடலாம். இந்த எண் கொஞ்சம் கூடினால் அந்த எண் எவ்வளவு கூடும் என்பது பட்டையிலேயே தெரியும்.

இப்போது அந்த 4.35 பக்கத்துக் கீறல். பெரியப்பா போன பிறகு ரூல் என் கைக்கு வந்தது. கம்பெனிகளே சில ரூல்களில் 3.14க்கு நேராகப் பை என்று குறி போட்டிருப்பார்கள், அடிக்கடி தேவைப்படும் எண் என்பதால். இதுவும் அப்படி ஏதோ ஒன்று என்று தெரிந்தது; எது என்றுதான் தெரியவில்லை. இரும்பின் எடையா, தார் அளவா என்று எதையெதையோ போட்டுப் பார்த்தேன். பெரியம்மாதான் ஒரு நாள் போகிற போக்கில் சொன்னார், தெருவில் யார் மனை வாங்கினாலும் பத்திரத்தோடு உங்க பெரியப்பாவிடம்தான் வந்து உட்காருவார்கள் என்று.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

நடுப்பட்டையின் 1ஐ அந்தக் கீறலுக்கு நேராக வைத்தேன். 2இன் கீழே 871. 2.2இன் கீழே 958. அதற்குமேல் பட்டை வெளியே தொங்கியது; வலது முனையைக் கீறலுக்கு நகர்த்தினேன். 3இன் கீழே 1,307க்குப் பக்கம். ஐந்தரையின் கீழே 2,400 தொட்டும் தொடாமலும், சென்னைக்காரர்கள் சொல்லும் ஒரு கிரவுண்டு. தெருவில் அவர் பார்த்துச் சொன்ன மனைகள் எல்லாம் அந்த ஒரே வைப்பில் வரிசையாக நின்றன. எங்கள் வீடும் இருந்தது, 4.2க்கு நேர் கீழே, 1,830.